பெயர் ஒன்று, பழி வேறொருவர்க்கு

2023 அக்தோபரில் காசாப் போர் மூண்டவுடன், இசுரேலில் மெக்டொனால்ட்சு உணவகங்களை உரிமம் பெற்று நடத்திய குழுமம் அந்நாட்டுப் படைஞர்க்கு விலையின்றி உணவு வழங்கிற்று. குவைத்து, ஓமன், துருக்கி நாடுகளில் அதே பெயரில் கடை நடத்துவோர் பதறிப்போய், தமக்கும் அதற்கும் தொடர்பில்லையென்று அறிக்கை விட்டுக் காசா மக்களுக்குப் பொருளுதவியும் அறிவித்தனர். பெயருக்குப் பங்குப்பணம் வாங்கும்பொழுது உலகெங்கும் ஒரே கடை. பழி வரும்பொழுது மட்டும் நாட்டுக்கொரு முதலாளி!

2024 சனவரியில் தலைமைக் குழுமத்தின் தலைவர், வணிகம் சரிந்ததற்குப் பொய்ச்செய்திகளும் ஏதுவென்றார். படைஞர் உண்டது பொய்ச்செய்தியன்று. ஏப்பிரலில் இசுரேலின் 225 கடைகளையும் அத்தலைமையே விலைக்கு வாங்க உடன்பட்டது.

இசுட்டார்பக்சின் நிலை வேறு. அது 2003-இலேயே இசுரேலை விட்டகன்றது. பாலத்தீனர்க்குத் துணைநின்று குரல்கொடுத்த தன் தொழிலாளர் கழகத்தோடு அது வழக்காடியது வெறுப்பை வளர்த்தது. இசுரேலுக்குப் பணம் தருகிறதென்னும் புரளியும் அதனோடு சேர்ந்துகொண்டது. புறக்கணிப்பு எளிய மக்களின் நேரிய கருவியே. ஆயின் புரளியை நம்பி ஓங்கினால், அது முதலாளியைத் தொடுமுன் கூலியாளைத் தாக்குகிறது. அரபு நாடுகளில் இசுட்டார்பக்சு கடைகளை நடத்தும் அல்சாயா குழுமம், 2024 மார்ச்சில் ஏறத்தாழ 2000 பணியாளரை நீக்கத் தொடங்கிற்று.