பானட் கம்பியைத் தூக்கி எறியாதீங்க!

காரின் முன்மூடியைத் தூக்கினால் விழாமல் இருக்க ஒரு கம்பி உண்டு. பென்சில் மொத்தம்தான் இருக்கும். ஓரமாகப் படுத்துக் கிடக்கும். எடுத்து நிமிர்த்தி ஓட்டையில் சொருகினால் பானட் நிற்கும். பட்டறையில் இதை முட்டுக் கம்பி என்பார்கள்.

இதற்கு எண்ணெய் வேண்டாம். காற்று வேண்டாம். முப்பது வருஷம் ஆனாலும் கம்பி கம்பிதான்!

ஆனால் இந்தக் கம்பி மேல் பலருக்கு இப்போது மனசில்லை. விலை உயர்ந்த கார்களில் பானட்டைக் கொஞ்சம் தூக்கி விட்டால் போதும், மீதியைத் தானே எழும்பிக்கொள்கிறது. அதைப் பார்த்ததும் நம்ம மாருதிக்கும் அப்படி ஒன்று போட்டால் என்ன என்று ஆசை வருகிறது.

அப்படித் தூக்குகிற சாமானுக்குப் பெயர் கேஸ் ஷாக். டிக்கி ஷாக் என்றும் சொல்வது உண்டு. புதுசு வாங்கினால் கையைக் கடிக்கும். எனவே நம் ஆள் நேராக உக்கடம் பழைய சாமான் கடைக்குப் போகிறார். சென்னைக்காரர் என்றால் புதுப்பேட்டை, டில்லிக்காரர் என்றால் மாயாபுரி. அடிபட்ட காரின் டிக்கியில் இருந்து கழற்றிய ஜோடி ஒன்று பேரத்துக்குப் படியும்.

"ஏனுங்ணா, இதை பானட்டுக்குப் போடலாமுங்களா?"

"அட, தாராளமா போடலாமுங்க!"

வியாபாரம் முடிந்தது. நம் கட்சியும் "போடலாம்" கட்சிதான். பழசைப் பிரித்துப் புதுசுக்கு ஆக்குவது கோவைக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய வித்தை அல்ல. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி.டி.நாயுடு, மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டிப் பார்த்தே பாடம் படித்தவர் என்பார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு பழைய ஷாக்கைத் தொடாதே என்று சொல்ல முடியுமா?

அது மட்டும் அல்ல. ஆடி மாதம் பல்லடம், உடுமலை பக்கம் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி பானட்டைத் தூக்கிப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மா விடாது. பானட்டை ஒரு தள்ளு தள்ளும். கம்பி ஓட்டையில் இருந்து எகிறும். அடுத்த நொடி மூடி கீழே! கம்பிக்கும் குறை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் எந்த ஷாக், எந்த பானட்டுக்கு? கேள்வி அங்கேதான் இருக்கிறது.

உள்ளே என்ன?

குழாய்க்குள் நைட்ரஜன் வாயு அடைத்திருக்கிறார்கள். கூடவே கொஞ்சம் எண்ணெய். குழாய் மேல் 400 என்ற மாதிரி ஒரு நம்பரும், பக்கத்தில் என் என்ற இங்கிலீஷ் எழுத்தும் இருக்கும். அது நியூட்டன் கணக்கு. ஒரு சைபரை எடுத்துவிட்டால் ஏறக்குறைய கிலோ. 400 என்றால் 40 கிலோ தள்ளும்.

எட்டு மில்லி மீட்டர் தண்டு ஒன்று 40 கிலோ தள்ள வேண்டும் என்றால் உள்ளே அழுத்தம் ஆயிரம் பவுண்டைத் தாண்டும். உங்கள் கார் டயரில் 30 பவுண்டு காற்று. எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

இப்போது சின்னக் கார் பானட்டை எடுத்துக்கொள்வோம். எடை 12 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கீலில் இருந்து 45 சென்டி மீட்டர் தள்ளி அதன் நடுப்பாரம் இருக்கிறது. ஷாக்கை மாட்டுகிற இடமோ கீலுக்குப் பக்கம், தள்ளுகிற திசைக்குக் கணக்குப் பார்த்தால் 18 சென்டி மீட்டர்தான். அப்படியானால் 30 கிலோ தள்ளினால் பானட் நிற்கும். இரண்டு பக்கமும் ஷாக் என்றால் ஆளுக்கு 15 கிலோ. குழாய் மேல் 150 என்று இருந்தால் போதும்.

நம் ஆள் வாங்கியதோ 400! கண்ணாடியோடு சேர்ந்த கனமான பின்கதவைத் தூக்குவதற்காகச் செய்தது. இரண்டும் சேர்ந்து 80 கிலோ தள்ளுகிறது. மீதி 50 கிலோ எங்கே போகும்? கீலில் போகும். மெல்லிய தகட்டில் போகும். பானட்டை அமுக்கி மூடுகிறபோது நடுவில் முதுகு வளையும். ஒரு மாதத்தில் ஒரு பக்கம் மூடி ஏறிக்கொண்டு நிற்கும். அப்புறம் டிங்கர் பட்டறைக்கு அழ வேண்டியதுதான். கம்பி இருந்தபோது வராத செலவு!

நீளமும் பார்க்க வேண்டும். மூடுகிறபோது ஷாக் சுருங்கி முடிந்துவிட்டது, பானட் இன்னும் இரண்டு விரல்கடை மேலே நிற்கிறது என்றால் அமுக்கவே கூடாது. அமுக்கினால் தகடு மடங்கும். தண்டு முனை கீழ்ப்பக்கம் வண்டியோடும், குழாய் முனை மேலே பானட்டோடும் இருக்க வேண்டும். மூடியிருக்கிறபோது எண்ணெய் தண்டுப் பக்கம் இறங்கி சீலை நனைத்துக்கொண்டிருக்கும். மாற்றிப் போட்டால் சீல் சீக்கிரம் காய்ந்து போகும். பிடி வைப்பதற்கு லேத்துக்காரரிடம் சொல்லி நல்ல தகட்டில் செய்யுங்கள். பானட்டின் வெளித்தகட்டில் ஸ்குரூ போடுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

வெல்டிங் மட்டும் குழாய்க்குப் பக்கத்திலேயே போகக் கூடாது. நெருப்பும் வேண்டாம், டிரில்லிங்கும் வேண்டாம்.

(ஆம்னி, டாடா ஏஸ் வைத்திருக்கிறவர்கள் இவ்வளவும் படித்துக் கவலைப்பட வேண்டாம். உங்கள் எஞ்சின் சீட்டுக்கு அடியில்!)

யார் தலை?

பழைய ஷாக்கில் இன்னொரு சிக்கல். குழாயில் 400 என்று இருக்கும். உள்ளே பாதி வாயு போயிருக்கும். பார்த்தால் தெரியாது.

இதைப் புரிந்துகொள்ள கார் வைத்திருக்க வேண்டியதில்லை. வெளியூர் பஸ்சில் மூட்டை வைக்கிற டிக்கிக் கதவைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தாங்குவதும் இதே ஜாதி ஷாக்தான். புதுசில் கதவு கம்பீரமாக நிற்கும். நாள் ஆக ஆகத் தளரும். பிறகு கண்டக்டர் ஒரு கையால் கதவைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் பெட்டியை இழுப்பார். அதில் தலை இடித்துக்கொள்ளாத பயணி எத்தனை பேர்?

காரிலும் அதே கதைதான். மேட்டுப்பாளையத்து வெயிலில் நிற்கிற பானட், ஊட்டியில் மார்கழிக் காலையில் மெல்ல இறங்கலாம். குளிரில் வாயு சுருங்கி, பலத்தில் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. தளர்ந்த ஷாக்குக்கு அந்த ஒரு பங்கே எமன்.

இறங்கினால் யார் தலையில் இறங்கும்? வண்டிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். எஞ்சினுக்குள் தலையை விட்டு நிற்பவன் பட்டறைப் பையன்! ஷாக் எந்த வண்டியில் கழற்றியது, எத்தனை வருஷப் பழசு என்பது அவனுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் பளபளவென்று இருக்கிறதே என்று நம்பித்தான் குனிகிறான்.

அதனால்தான் சொல்கிறோம், ஷாக் போடுங்கள், ஆனால் கம்பியைக் கழற்றாதீர்கள். அது இருந்த இடத்திலேயே கிடக்கட்டும். வேலைக்கு வண்டியை விடும்போது, "தம்பி, ஷாக் பழசு, கம்பியும் போட்டுக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பல பேர் ஷாக் மாட்டிய கையோடு கம்பியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள். அதற்கு என்ன நாலு காசு கிடைத்துவிடப் போகிறது?

சட்டம் குறுக்கே வருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், மாற்றம் ஒன்றுக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதம், 6 மாதம் வரை ஜெயில் என்று போட்டிருக்கிறார்கள். வண்டியின் அடிப்படையையே மாற்றுவதுதான் குற்றம். பானட் ஷாக் அதில் சேராது என்பது நம் எண்ணம். ஆனால் வாரண்டி உள்ள புது வண்டியில் இந்த வேலை வேண்டாம்.

செத்த ஷாக்

கடைசியில் பழைய இரும்புக் கடைத் தொழிலாளியையும் நினைக்க வேண்டும். தளர்ந்த ஷாக்கிலும் வாயு மிச்சம் இருக்கும். அதை இரும்போடு இரும்பாகப் போட்டு கேஸ் கட்டிங் வைத்தால் வெடிக்கும். வாயுவை வெளியேற்றக் கம்பெனிக்காரர்கள் தனி முறையே வைத்திருக்கிறார்கள். அது பழக்கம் உள்ளவர் செய்கிற வேலை. பழைய வண்டி உடைப்பதற்கு மத்திய அரசு 2021-ல் விதிகள் கொண்டுவந்தது. உடைக்கும் முன் ஆபத்தான சாமான்களைத் தனியே எடுக்க வேண்டும் என்கிறார்கள். பதிவு பெற்ற பெரிய இடங்களுக்கு அது சரி. சந்துக் கடைக்கு யார் போய்ச் சொல்வது?

கடைக்காரர்களே இதைத் தொடங்கலாம். வண்டியில் இருந்து கழற்றும்போதே செத்ததைத் தனியாகப் போடுங்கள். நல்லதை எடை மிஷின் மேல் தண்டு கீழாக நிறுத்தி அமுக்குங்கள். தண்டு உள்ளே இறங்க ஆரம்பிக்கிறபோது மிஷின் எத்தனை கிலோ காட்டுகிறதோ அதுதான் இன்றைய பலம். அதைச் சாக்பீசில் குழாய் மேல் எழுதிவிடுங்கள். 400 என்று அச்சடித்தது 22 கிலோதான் தள்ளுகிறது என்றால் வாங்குகிறவருக்கும் தெரியும், அதற்கு ஏற்ற விலையும் பேசலாம்.

இதற்காகப் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. இரும்பு நிறுக்கிற அதே மிஷின் போதும்.