மெட்ரோ யார் பக்கம் வாசல் வைக்கும்?

பழைய மகாபலிபுரம் சாலையில் எழுந்து நிற்கும் மெட்ரோ தூண்களோடு நம் பிள்ளைகள் செல்ஃபி எடுக்கிறார்கள். எடுக்கட்டும். மாதவரத்தில் தொடங்கி சிறுசேரி சிப்காட் வரை 45.8 கிலோமீட்டர் ஓடப்போகிற பாதை அது. 63,246 கோடி ரூபாய் செலவாகும் இரண்டாம் கட்டத் திட்டத்தின் நீளமான தடங்களில் ஒன்று. ஐ.டி. கம்பெனிகள் தோளோடு தோள் உரசி நிற்கும் இந்தச் சாலைக்கு ரயில் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேண்டும். நாம் கேட்பது ஒன்றுதான்: நிலையத்தின் வாசல் எந்தப் பக்கம் திறக்கும்?

இதெல்லாம் ஒரு கேள்வியா என்று நினைக்கும் தோழர்கள் தங்கள் சொந்த ஊரை நினைத்துப் பாருங்கள். பேருந்து எங்கே நிற்கிறது? ஊருக்குள் நிற்கிறது. சேரியிலிருந்து நடந்துபோய்தான் ஏற வேண்டும். அந்த நிறுத்தத்தை அங்கே வைத்தவர் யாரையும் சாதி சொல்லித் திட்டவில்லை. ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்தார், அவ்வளவுதான்.

இப்போது இந்தச் சாலைக்கு வருவோம். தரமணியில் டைடல் பார்க் திறந்தது 2000-இல். அதே காலத்தில்தான் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. நகரத்தின் கால்வாய்க் கரைகளிலிருந்தும் ஆற்றங்கரைகளிலிருந்தும் பிடுங்கி எறியப்பட்ட மக்களைக் கொண்டுவந்து கொட்டிய இடம் அது. 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். அவற்றில் பெரும்பகுதி நம் மக்கள். பிறகு செம்மஞ்சேரி வந்தது. 2015 வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாறு கரைகளைக் காலி செய்து பெரும்பாக்கத்தில் குவித்தார்கள். ஒரே சாலை, ஒரே கால் நூற்றாண்டு: ஒரு பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள், இன்னொரு பக்கம் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறவர்களின் குடியிருப்பு. இதைத் தற்செயல் என்று சொல்ல நமக்கு நாக்கு வரவில்லை.

காலை ஐந்து மணிக்குக் கண்ணகி நகர் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். சீருடையைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு அக்காக்கள் வருவார்கள். ஹவுஸ்கீப்பிங், கேன்டீன், வீட்டு வேலை. வேலைக்குப் போகிற இடத்தில் முகவரியை மறைக்கிறவர்கள் இவர்களில் உண்டு. கண்ணகி நகர் என்று சொன்னால் வேலை கிடைக்காது என்ற அனுபவம் அப்படி. குடியிருப்பின் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்து கொடுத்தார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சுவருக்குப் பெயின்ட் அடித்தவுடன் முகவரியின் களங்கம் போய்விடவில்லை.

இந்தத் தடத்தின் நிலையப் பட்டியலை எடுத்துப் படியுங்கள். திட்ட வரைபடத்தில் தனியார் கல்லூரிகளின் பெயரில் நிலையங்கள் இருக்கின்றன. கண்ணகி நகர் என்ற பெயரில் ஒன்றுகூட இல்லை. பல்லாயிரம் குடும்பங்கள் வாழும் இடத்தைவிட கட்டணம் வாங்கிப் பாடம் நடத்தும் ஒரு வளாகம் பெரிய அடையாளமா? யாருக்கு?

வணிகப் பகுதியில் நிலையம் திட்டமிடும்போது முதலில் பேசப்படுவது வளாகங்களுக்கு நேரே இறங்கும் நடைமேம்பாலம், கடைகளுக்கான இடம், விளம்பர வருமானம், நிலத்தின் மதிப்பு உயர்வு. வருமானம் இல்லாமல் மெட்ரோ ஓடாது என்பார்கள். சரி. ஆனால் மத்திய அரசின் 2017 மெட்ரோ ரயில் கொள்கை இன்னொன்றையும் சொல்கிறது: நிலையத்தின் இருபுறமும் 5 கிலோமீட்டர் சுற்றளவுக்கு இணைப்பு வண்டி, நடைபாதை, சைக்கிள் பாதை ஆகியவற்றுக்கு மாநில அரசு திட்ட அறிக்கையிலேயே உறுதி தர வேண்டும். கண்ணகி நகர் பிரதான சாலையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. அப்படியானால் நடக்கிற அந்தப் பாதையில் விளக்கு எங்கே? மழைக்காலத்தில் அது பாதையா, ஓடையா?

அடுத்தது கட்டணம். 2021 மே முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மெட்ரோவில் குறைந்தபட்சம் 10 ரூபாய், அதிகபட்சம் 50. போக 20, வர 20 என்று வைத்தால் மாதம் 26 நாளுக்கு 1,040 ரூபாய். ஒப்பந்தக் கூலியில் துடைப்பம் பிடிக்கிற பெண்ணிடம் அதைக் கேட்டுவிட்டு, அவர் பேருந்திலேயே போனால் "மக்கள் மெட்ரோவைப் பயன்படுத்துவதில்லை" என்று அறிக்கை எழுதுவார்கள். நாளை மெட்ரோ வந்ததைக் காட்டி அந்தப் பேருந்துகளைக் குறைக்காமல் இருந்தால் சரி. இது நம் பயம், பொய்யானால் சந்தோஷப்படுவோம்.

அந்த நிலையத்தையும் கூட்டிப் பெருக்கப்போவது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒப்பந்தக்காரர் வழியாக எடுக்கும் வேலைக்கு இடஒதுக்கீடு இல்லை. மலமும் குப்பையும் அள்ளும் வேலைக்கு மட்டும் நூற்றுக்கு நூறு எழுதப்படாத ஒதுக்கீடு இருக்கிறது.

எல்லாவற்றையும்விட நமக்கு உறுத்துவது நிலம். யாரும் சீண்டாத சதுப்பு ஓரம் என்றுதான் நம்மை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். இப்போது ரயில் வருகிறது. குடியிருப்பில் பலரிடம் கிரயப் பத்திரம் இல்லை. ஒதுக்கீட்டு ஆணை மட்டும்தான். பத்திரம் இல்லாத கையிலிருந்து விலை ஏறிய நிலம் எவ்வளவு எளிதாக நழுவும் என்பது பக்கிங்காம் கால்வாய்க் கரையில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கால்வாய்க்குள்தான் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. எனவே முதல் ரயில் ஓடுவதற்கு முன் பத்திரம் கைக்கு வர வேண்டும். வாசல், சிற்றுந்து, நடைபாதை பற்றிய கூட்டத்தை ஐந்து நட்சத்திர ஹோட்டலில் அல்ல, கண்ணகி நகரில் நடத்த வேண்டும். அக்காக்கள் வேலை முடிந்து வரும் நேரத்தில்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, ஒக்கியம்பேட்டை முதல் செம்மஞ்சேரி வரை ஒவ்வொரு நிலையத்துக்கும் எத்தனை வாசல், எந்தத் திசையில், 5 கிலோமீட்டர் இணைப்புத் திட்டத்தில் கண்ணகி நகர், எழில் நகர், பெரும்பாக்கம் ஆகியவற்றின் பெயர் உள்ளதா என்று கேளுங்கள். நிலையத்துக்கு ஒருவராகப் பிரித்துக்கொள்ளுங்கள். பதில் வந்ததும் நகலை எடுத்துக்கொண்டு நேரே குடியிருப்புக்குப் போய் அங்கே உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

ஜெய் பீம்.