யாருடைய குடும்பத்திற்கு உகந்த நகரம்?

மும்பையின் ஞாயிற்றுக்கிழமை நாளேடுகளைப் பிரித்தால், செய்திக்கு முன்னால் வந்து நிற்பது முழுப்பக்க அடுக்ககம் விளம்பரமே. மேகத்தைத் தொடும் கோபுரம், புல்வெளியில் ஓடும் குழந்தை, நீச்சல் குளத்தருகே சாய்ந்திருக்கும் தாத்தா பாட்டி. கீழே, ‘குடும்பத்துடன் வாழ உகந்த சுற்றுப்புறம்’ என்ற வாசகம். லோயர் பரேல், வோர்லி, பைகுல்லா என்று இடங்களின் பெயர்கள் வரிசையாக வரும். அந்த இடங்களில் முன்பு யார் வாழ்ந்தார்கள், அவர்கள் எங்கே போனார்கள் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது.

அந்த விளம்பரத்தைப் பார்த்து ஏங்கும் மனிதரை நாம் எள்ளி நகையாடவில்லை. பிள்ளை நடந்தே போகும் தூரத்தில் ஒரு பள்ளி, பயமின்றி விளையாட ஒரு திடல், குழாயைத் திறந்தால் தண்ணீர், வேலை முடிந்து இரவில் திரும்பும் மகள் அஞ்சாமல் நடக்க ஒரு தெரு, அவசரத்திற்கு ஓடிவர ஓர் அண்டை வீடு: இவற்றை விரும்பாத உழைப்பாளி யார்? ஆசை முற்றிலும் நியாயமானது. எல்லோருக்கும் உரிமையாக வேண்டிய ஒன்றைக் காசுள்ள சிலருக்கு மட்டும் விற்கும் சரக்காக்கியதும், விற்பதற்கு முன் அதை ஏற்கெனவே பெற்றிருந்தவர்களிடமிருந்து பறித்ததுமே இங்கே குற்றம்.

ஆலைக் கிராமத்தின் கதை

இன்று கோபுரங்கள் நிற்கும் நிலத்திற்கு மராத்தி உழைப்பாளிகள் இட்ட பெயர் கிரண்காவ், அதாவது ஆலைகளின் ஊர். 60-க்கும் மேற்பட்ட பஞ்சாலைகளும், அவற்றைச் சூழ்ந்த சால் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளும் அங்கே இருந்தன. ஓர் அறைக்குள் ஒரு குடும்பம். அறைக்கு முன்னால் நீண்ட பொது நடை. தாய் இரவு வேலைக்குச் சென்றால் அடுத்த அறைப் பெண் அவள் குழந்தைக்கும் சேர்த்துச் சோறிட்டாள். ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டுத் தனியாக வந்த தொழிலாளிக்கு, கானாவல் நடத்திய பெண்கள் மாதக் கணக்கில் சமைத்துப் போட்டார்கள். அந்தப் பெண்களைக் கந்துவட்டிக்காரனிடமிருந்து மீட்க, பொதுவுடைமை இயக்கத்தில் வளர்ந்த பிரேமா புரவ் 1975-இல் அன்னபூர்ணா மகளிர் மன்றத்தைத் தொடங்கினார். அண்ணாபாவு சாத்தேயும் அமர் ஷேக்கும் பாடிய செங்கொடிக் கலைக்குழுவின் மேடை இந்தத் தெருக்களே. நீச்சல் குளம் இல்லாவிடினும் சுற்றமும் சங்கமும் அங்கே இருந்தன.

சாலைச் சொர்க்கம் என்று எவரும் சொல்ல வேண்டாம். 160 சதுர அடி அறையில் எட்டுப்பேர் படுத்ததும், ஒரு மாடிக்குச் சில கழிப்பறைகளே இருந்ததும் வாழ்வின் பெருமைகள் ஆகா. சாதியும் அங்கே குடியிருந்தது. அறுந்த நூலை வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டியிருந்ததால், தீட்டு என்று சொல்லித் தலித் தொழிலாளரை நெசவுப் பிரிவிலிருந்து ஒதுக்கி வைத்தனர். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைச் சுட்டிக் கேள்வி எழுப்பினார். தொழிற்சங்க இயக்கம் அதற்கு உரிய காலத்தில் உரிய விடை தரவில்லை என்பதை நாம் மறைக்கக் கூடாது. 1974-இல் வோர்லி சால்களில் தலித் மக்கள் மீது வன்முறை பாய்ந்தபோது அந்தப் பழைய பிளவே ஆளும் வர்க்கத்தின் ஆயுதமாயிற்று. ஆகவே நாம் கேட்பது பழைய சாலுக்குத் திரும்புவதை அன்று. அந்த மக்கள், அதே இடத்தில், மனிதருக்குரிய வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்பதே நம் வாதம்.

அதற்கு வழி இருந்தது. அடைக்கப்பட்டது எப்படி?

சட்டப்படி நடந்த கொள்ளை

1970-இல் பரேல் பகுதியின் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் படுகொலை செய்யப்பட்டார். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை இலட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அரசும் முதலாளிகளும் அவர்களைப் பட்டினி போட்டே பணிய வைத்தனர். பல்லாயிரம் பேர் மீண்டும் ஆலைக்குள் நுழையவே இல்லை. நூலைவிட நிலம் அதிக இலாபம் தரும் என்பதை முதலாளிகள் அதற்குள் கணக்கிட்டு முடித்திருந்தனர்.

நகரின் நடுவே சுமார் 600 ஏக்கர் ஆலை நிலம். 1991-இன் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58, அதை மறுசீரமைக்கும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்குத் திடலும் பூங்காவுமாக, மற்றொரு பங்கு வீட்டு வசதி வாரியத்திற்குப் பொதுக் குடியிருப்புகளாக, எஞ்சிய பங்கு மட்டுமே உடைமையாளருக்கு என்று வகுத்தது. குடும்பத்திற்கு உகந்த சுற்றுப்புறம் என்பதற்கு இதைவிடத் தெளிவான வரைபடம் வேண்டுமா? விளையாட நிலம், குடியிருக்க வீடு, இரண்டும் சட்டத்திலேயே இருந்தன.

2001-இல் அந்த விதி திருத்தப்பட்டது. கட்டடம் இல்லாமல் வெற்றாகக் கிடக்கும் நிலத்தில் மட்டுமே பங்கு தரவேண்டும் என்றாயிற்று. ஆலை என்றால் கட்டடம் நிறைந்ததுதானே! பங்கிட வேண்டிய நிலம் ஒரு பேனாக் கீற்றில் சுருங்கிப் போயிற்று. வழக்குத் தொடுக்கப்பட்டு, 2005-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் நகர மக்களின் பக்கம் நின்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, திருத்தத்தைச் செல்லும் என்றது. ஆலை வளாகங்களில் பேரங்காடிகளும் அலுவலகக் கோபுரங்களும் எழுந்தன.

விலையைக் கொடுத்தது யார்? ஆலைத் தொழிலாளிக்கென்று இருந்த குறுகிய ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் புதிய அலுவலகங்களின் கூட்டமும் வந்து நெரிந்தது. 2017 செப்டம்பர் 29 அன்று எல்ஃபின்ஸ்டன் சாலை நிலையத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மிதிபட்டு மாண்டனர். மூன்று மாதம் கழித்துக் கமலா ஆலை வளாகத்தின் மாடி உணவகத்தில் பிடித்த தீ 14 உயிர்களைக் குடித்தது.

துரத்தப்பட்டவர் போன இடம்

வீடு கேட்டு விண்ணப்பித்த ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் ஒன்றரை இலட்சத்திற்கும் மேல். குலுக்கலில் வீடு பெற்றவர் அதில் ஒரு சிறு பகுதியே. மற்றவர்களுக்கு அரசு காட்டும் இடம் வாங்கணியும் சேலுவும். நகரத்தின் எல்லைக்கு அப்பால், வேலைக்கு வந்து திரும்பவே அரைநாள் தேயும் தொலைவில். குழாய்ப் பாதை ஓரங்களிலிருந்து அகற்றப்பட்டவர்களை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே மாஹுலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அங்குள்ள காற்று உடல்நலத்திற்குக் கேடு என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயமே சொன்னது. இப்போது தாராவியின் முறை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன நம் மக்கள் தோல் பதனிட்டு, பானை வனைந்த பிறருடன் சேர்ந்து, சேற்றை மேடாக்கி எழுப்பிய ஊர் அது. அதைச் சீரமைக்கும் ஏலம் 2022-இல் அதானி குழுமத்தின் கைக்குச் சென்றது. 2000 ஜனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்தோருக்குத்தான் தாராவியிலேயே இலவச வீடு. மாடியில் குடியிருப்பவருக்கும் பின்னால் வந்தவருக்கும் வெளியே இடமாம். அதற்காக ஒதுக்கப்பட்ட நிலங்களில் தேவனார் குப்பை மேடும் ஒன்று. குப்பை மேட்டில் குடியேறப் போகிறவர்களுக்குக் குடும்பம் இல்லையா?

‘குடும்பம்’ என்னும் வடிகட்டி

இன்னொன்றும் உண்டு. வீட்டுத் தரகர் ‘குடும்பங்களுக்கு மட்டும்’ என்னும்போது அதன் பொருள் கேட்பவருக்குப் புரியும். தனியாக வாழும் பெண்ணுக்கு வீடில்லை, இஸ்லாமியருக்கு இல்லை, மீன் பொரிப்பவருக்கு இல்லை, குலப்பெயர் சொன்னதும் முகம் மாறும் தலித்துக்கு இல்லை. சட்டமும் இதற்குக் குடைபிடிக்கிறது. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டுமே இடம் என்று வரையறுத்த வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் விதியை 2005-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அந்தக் கதவு வழியாக எத்தனை சாதிச் சங்கங்கள் நுழைந்திருக்கின்றன! வாயிற்காவலர் நிற்கும் கதவுக்குள் பாதுகாப்பு இருப்பதாகச் சொல்கிறார்கள். அதே கதவுக்குள் தினமும் பாத்திரம் தேய்க்கவும் குழந்தையைத் தாலாட்டவும் போகும் பெண், எந்தச் சுற்றுப்புறத்தில் தன் குழந்தையை விட்டுவிட்டு வருகிறாள்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மும்பை மாநகரில் ஐந்தில் இருவருக்கு மேல் குடிசைப்பகுதிகளில் வாழ்கின்றனர். ‘நகரம் வளர வேண்டாமா?’ என்று கேட்போரிடம் நாம் திருப்பிக் கேட்க வேண்டியது இதுதான்: ஐந்தில் இருவரை வெளியே நிறுத்திவிட்டு வளர்வது எந்த நகரம்?

ஆலை நிலத்தில் மிச்சமிருப்பவற்றிலும், மத்திய அரசுத் துறைகள் விற்கத் துடிக்கும் பொது நிலங்களிலும் பொதுக் குடியிருப்பும் விளையாட்டுத் திடலும் முதலில் வரட்டும். அகற்றப்படும் எந்தக் குடும்பத்திற்கும் அதே பகுதியில், அதே பள்ளிக்கும் அதே வேலைக்கும் எட்டும் தூரத்தில் மாற்று வீடு தரப்படட்டும். ஆண்டைக் காட்டியும் மாடியைக் காட்டியும் எவரையும் விலக்க வேண்டாம். சாதி, மதம், உணவு, திருமணம் ஆகியவற்றைக் காரணம் காட்டி வீடு மறுப்பது தண்டனைக்குரிய குற்றமாகட்டும். இவை சலுகைகள் என்று எவரும் எண்ண வேண்டாம். இந்த நகரத்தை நெய்தவர்களுக்கு அது பட்டிருக்கும் கடன்.

விளம்பரத்தில் பட்டம் விடும் அந்தச் சிறுவன் நன்றாக இருக்கட்டும். மாஹுலின் புகையில் இருமிக்கொண்டிருக்கும் சிறுமிக்கும் ஒரு திடல் வேண்டும். அவளுக்கும் அது கிடைக்கும் நாளில்தான் அந்தச் சுற்றுப்புறத்தைக் குடும்பத்திற்கு உகந்தது என்று நாம் ஒப்புக்கொள்வோம். அதுவரை போராட்டம் ஓயாது.