பெரிய எழுத்து இல்லாத மொழி

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையப் பலகைகளில் தமிழைப் பார்க்கலாம். கூகுள் 2009இல் வெளியிட்ட கோ நிரல்மொழிக்குள் அதே தமிழுக்கு இடம் கொஞ்சம் நெருக்கடிதான்.

கோவின் டெம்ப்ளேட் (தரவை இட்டு நிரப்பும் வார்ப்புரு), ஸ்ட்ரக்ட் என்னும் தரவுக் கட்டமைப்பில் உள்ள புலங்களை நிரல் ஓடும்போதுதான் ரிஃப்ளெக்‌ஷன் வழியாகப் பெயர் சொல்லித் தேடி எடுக்கிறது. பெயர் பெரிய எழுத்தில் தொடங்கினால்தான் கைக்கு எட்டும். தமிழில் பெரிய எழுத்து ஏது? விமானம் ஏறும் அட்டைக்கான ஸ்ட்ரக்டில் 'ஏற' என்று ஒரு புலம் வைத்தால் கம்பைலர் முனகாமல் விட்டுவிடும். பயணிக்கு அந்த அட்டை அச்சாகும் வேளையில் பிழை எழும். 'பெயர்' என்று வைத்தாலோ கம்பைலரே மறிக்கும்: கொம்பும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்தே அல்ல!

நான்கு ஆட்சிமொழி கொண்ட சிங்கப்பூரில் இதைக் குறை என்றே சொல்ல வேண்டும். மாற்று வழி ஒன்று உண்டு: ஸ்ட்ரக்டை விட்டு, பெயருக்கு மதிப்பை இணைக்கும் மேப்பில் தரவைப் போட்டு, 'இண்டெக்ஸ்' மூலம் கேட்டால் 'பெயர்' கிடைக்கும். எழுத்துப்பிழையைப் பிடிக்கும் கம்பைலரின் காவல்தான் அங்கே இருக்காது.