முத்துக்குளித்துறையும் உயிரியல் பாடமும்

கலைப்பிரிவில் பயிலும் நம்மில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்போடு உயிரியலுக்கு விடை கொடுத்தவர்கள். பின்னர்க் கல்லூரியில் சுற்றுச்சூழல் கல்வி என்றொரு தாள் வருகிறது. உச்சநீதிமன்ற ஆணையால் வந்த அத்தாளைத் தேர்வுக்கு முந்திய இரவில் படித்து, மறுநாள் மாலையில் மறந்துவிடுகிறோம். மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ‘சுவயம்’ இணையதளத்தில் பரிணாமம், சூழலியல் பற்றிய பாடங்களை எவரும் கட்டணமின்றிக் கேட்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021-ஆம் ஆண்டு விதிகள் ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை இவ்வாறு பயில இடமளிக்கின்றன. இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வரலாற்று மாணவனாகிய நான் அத்தகைய பாடம் ஒன்றைக் கேட்டேன். இக்கரையில் பிறந்தவர்கள் இதைப் படிக்காமல் தம் ஊர் வரலாற்றையே முழுதாக அறிய இயலாது என்பது என் துணிபு.

கொற்கை முத்தின் பெருமையை மேடைதோறும் முழங்குகிறோம். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-உடன் ஏன் நின்றது என்று கேட்டால் மேடை மௌனமாகிவிடுகிறது! முத்துச்சிப்பியின் இளங்குஞ்சுகள் சில வாரங்கள் கடல்நீரில் மிதந்து திரிந்த பின்னரே, நம்மவர் ‘பார்’ என்றழைக்கும் கடலடித் திட்டுகளில் ஒட்டிக்கொள்கின்றன. நீரோட்டம் வேறு பக்கம் இழுத்துச் சென்றால் அவ்வாண்டு பாரில் குஞ்சே விழாது. விழுந்தாலும் திருக்கையும் நட்சத்திர மீனும் தின்றுவிடும். குளியாளிகள் ‘சூரன்’ என்று அழைத்த சிறு மட்டி பாய் விரித்தாற்போல் படர்ந்து சிப்பிகளை மூடிவிடும். எனவேதான் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என எவர் ஆண்டபோதும் பல ஆண்டுகள் தொடர்ந்து குளிப்பே நடவாமற் போனதுண்டு. சூழலியலார் இதனைப் போட்டி, இரைகொல்லல், இனத்தொகை ஏற்ற இறக்கம் என்கிறார்கள். அரசனின் பேராசையிலும் வணிகனின் சூழ்ச்சியிலும் மட்டுமே காரணம் தேடும் வரலாற்று மாணவர்கள் சூரனையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

சங்கின் கதை இன்னும் சுவையானது. நாம் இடம்புரி என்பதை விலங்கியலார் வலச்சுருள் என்பர். சங்கு ஒன்றுதான், பிடித்துப் பார்க்கும் பக்கம் வேறு. வலம்புரி அரிது, ஆகையால் விலை மிகுதி என்பதோடு நம் அறிவு நின்றுவிடுகிறது. ஏன் அரிது? பல நத்தையினங்களில் எதிர்ச்சுருள் கொண்டவை மற்றவற்றுடன் இணைசேர்வது கடினம். அதனால் சிறுபான்மைச் சுருள் சிறுபான்மையாகவே ஒதுங்குகிறது என்கிறது பரிணாமப் பாடம். நம் சங்குக்கும் அதுதான் காரணமா என்று கேட்கத் தோன்றியதே, அதுதான் எனக்குக் கிடைத்த இலாபம்.

ஆயினும் குறைகளை மறைக்க விரும்பவில்லை. நான் கேட்ட பாடம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ்வழி மாணவன் ஒரு நிமிட உரையை மூன்று முறை நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது. எடுத்துக்காட்டுகளோ கலாபகசுத் தீவின் குருவிகளும் இங்கிலாந்தின் விட்டில் பூச்சிகளும்! மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் நீரில் மூழ்கிவிட்டன. வான் தீவு கரைந்து சிறுத்தது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் அலைத்தடுப்பு போயிற்று. 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இக்கடல் நம் வாசலில் இருக்க, நாம் கைப்பேசித் திரையில் பசிபிக் தீவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பேராசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இப்பாடங்களுக்கு நம் கல்லூரியில் மதிப்பெண் வழங்க வேண்டும். விலங்கியல் துறை வாரம் ஒரு மணி நேரம் தமிழில் ஐயம் தீர்க்க வேண்டும். கலைச்சொற்களுக்குத் தமிழ்த்துறை ஒரு சிறு பட்டியல் செய்து தரலாம். மீனவர் வழக்கில் பாதிச் சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. இணையப் பாடம் வந்துவிட்டது, இனி ஆசிரியர் பணியிடம் எதற்கு என்று எவரேனும் கணக்குப் போட்டால், அதை முதலில் எதிர்க்க வேண்டியவர்கள் மாணவர்களாகிய நாமே. திரையில் தோன்றுபவர் நம் கேள்விக்காகக் காத்திருப்பதில்லை.

பருவத்துக்கு ஒருநாளாவது திரேசுபுரம் கரைக்கு எல்லாத் துறை மாணவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். செய்முறைக் கூடம் கேட்கவில்லை. ஒரு பேருந்து போதும். எந்தப் பாரில் சங்கு குறைந்தது, எப்போது குறைந்தது என்று சொல்லக்கூடிய சங்கு குளிப்போர் அங்கே இருக்கிறார்கள்.