பத்திரம் பதிவானால் போதுமா?

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையிலும் செங்கல்பட்டு போகும் சாலையிலும் இப்போது நெல்லைவிட மனை விற்பனைப் பலகைகள்தான் நன்றாக விளைகின்றன. "பரந்தூர் விமான நிலையம் அருகில்" என்று ஒரு பலகை. காஞ்சிபுரத்துக்கு அந்தப் பக்கம் பரந்தூர், இந்தப் பக்கம் நாம். 2022இல் விமான நிலைய அறிவிப்பு வந்ததும், ஏகனாபுரம் மக்கள் நிலத்தைத் தரமாட்டோம் என்று போராட உட்கார்ந்தார்கள். அங்கே நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் போராட்டம். இங்கே அதே பெயரைச் சொல்லி வியாபாரம். "அருகில்" என்ற சொல்லுக்கு எல்லைக்கல் கிடையாது போலும்.

இந்தப் பலகைகளைப் பார்த்து மயங்குவது நம் வயதுக்காரர்கள் என்றால் நான் கவலைப்பட மாட்டேன். நம்மிடம் இருக்கும் ஓய்வூதியத்தில் மயங்கி என்ன ஆகப்போகிறது? இருபத்துநாலு, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் மயங்குகிறார்கள். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிப்டு வேலை பார்த்து, நாலைந்து வருடத்தில் மூன்று நான்கு லட்சம் சேர்த்த பிள்ளைகள். என் தங்கையின் பேரன் அதில் ஒருவன். முதல் சேமிப்பைப் போட்டு, அம்மாவின் நகையை வங்கியில் வைத்து, மீதிக்குத் தவணை சொல்லி ஒரு மனை வாங்கலாம் என்று வந்தான். "பத்திர ஆபீஸ்லயே பதிவு பண்ணித் தர்றாங்க தாத்தா, அப்புறம் என்ன பயம்?" என்றான்.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் எல்லாச் சங்கடமும் இருக்கிறது. பதிவு செய்துவிட்டால் சொத்து நம்முடையது என்று படித்த பிள்ளைகளும் நம்புகிறார்கள். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இன்னார் இன்னாருக்கு இப்படி ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தார் என்பதைப் பதிவு செய்வதுதான் அதன் வேலை. எழுதிக் கொடுத்தவருக்கு அந்த நிலம் உண்மையில் சொந்தமா என்பதற்குச் சார்பதிவாளர் அலுவலகம் ஜாமீன் நிற்பதில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுச் சட்டத்தில் நொத்தேர் என்று ஓர் அதிகாரி உண்டு. நம் ஊர் நோட்டரி வக்கீலை நினைத்துக்கொள்ளாதீர்கள். முத்திரை குத்திவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிற ஆள் அல்ல இவர். நிலத்தை விற்பதற்கு முன் அதன் பூர்வீகத்தைத் தோண்டிப் பார்ப்பது, கடன் இருக்கிறதா என்று தேடுவது, பத்திரம் எழுதுவது, மூலத்தைத் தன்னிடமே பத்திரமாக வைத்துக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பு. தவறினால் அவரைக் கேட்கலாம். நம் முறையில் அந்த நொத்தேர் வேலை முழுவதையும் வாங்குகிறவனே பார்க்க வேண்டும். இதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. பள்ளியில் முக்கோணத்தின் பரப்பளவு சொல்லித் தருகிறார்கள். ஒரு சென்ட் என்றால் 435.6 சதுர அடி என்பதையோ, புலப்படத்தை எப்படிப் பார்ப்பது என்பதையோ சொல்லித் தருவதில்லை.

பேரன் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன் என்றான். நல்லதுதான். இப்போது பதிவுத் துறை இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வில்லங்கச் சான்றில் வருவது பதிவான பத்திரங்கள் மட்டும். வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம் அதில் வராது. பதிவு செய்யாத உயில் வராது. கையெழுத்துப் போடாத அக்கா தங்கைகள் வரவே மாட்டார்கள். நம் பக்கத்துக் கிராமங்களில் பாதி வழக்கு அந்த அக்கா தங்கைகளால்தான் என்று சலித்துக்கொள்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர்களைக் கேட்காமல் விற்றவர்களால்தான் வழக்கு. திருமணமாகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. 2005இல் மத்திய அரசு திருத்தம் கொண்டுவந்து, திருமணமான பெண்களுக்கும் அதை விரித்தது. இருந்தும் அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்ட பத்திரங்கள் ஊரில் உலவுகின்றன. அதனால் வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பார்த்து, அதில் எத்தனை பெயர், பத்திரத்தில் எத்தனை கையெழுத்து என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பெரிய வக்கீல் படிப்பு தேவையில்லை, எண்ணத் தெரிந்தால் போதும்.

பட்டா பெயருக்கு இருக்கிறதே என்பார்கள். 1980களில் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது பெயர் மாறி ஏறிய பட்டாக்கள் இன்றும் திருத்தப்படாமல் கிடக்கின்றன. பட்டாவையும் தாய்ப்பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். பவர் பத்திரத்தை வைத்துக்கொண்டு "இதுவே கிரயம் மாதிரி" என்று ஒருவர் விற்க வந்தால் எழுந்து வந்துவிடலாம். பவர் மூலம் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. உரிமையாளரின் சார்பில் முறையாகக் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுக்கத்தான் பவர் உதவும்.

அடுத்தது அங்கீகாரம். 2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது நினைவிருக்கும். மகள் கல்யாணத்துக்கென்று வாங்கிப் போட்டவர்கள் விற்க முடியாமல் தவித்த காலம் அது. 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. அதுவும் 2016 அக்டோபர் 20 வரைக்கும் போட்ட மனைகளுக்குத்தான். அதற்குப் பிறகு போட்டது என்றால் நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு மனைக்கு மேலோ இருந்தால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் வேண்டும். பலகையில் எண் எழுதியிருந்தால் மட்டும் போதாது. அதே எண்ணை ஆணையத்தின் தளத்தில் தட்டி, அதே சர்வே எண்தான் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், இருபத்துநாலு வயதில் மனை நல்ல முதலீடா என்றால், பெரும்பாலோருக்கு இல்லை என்பதே என் கட்சி. பிரெஞ்சில் அசையாச் சொத்துக்கு "இம்மோபிலியே" என்று பெயர். அதில் போட்ட பணமும் அப்படித்தான் அசையாமல் கிடக்கும். அம்மாவுக்கு ஆபரேஷன் என்றால் மனையில் ஒரு மூலையை வெட்டி விற்க முடியாது. கணக்கும் போட்டுப் பார்ப்போம். வழிகாட்டி மதிப்பு பத்து லட்சம் உள்ள மனைக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், அதாவது 90,000 ரூபாய், முதல் நாளே போய்விடுகிறது. தரகு, பத்திரம் எழுதும் செலவு தனி. மனைக் கடனுக்குக் கட்டும் வட்டிக்கு, வீடு கட்டி முடிக்கும் வரை வருமான வரிச் சலுகை கிடையாது. இரண்டு வருடம் கழித்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. 2024 ஜூலை 23க்குப் பிறகு வாங்குகிறவர்களுக்கு விலைவாசி உயர்வைக் கழித்துக்கொள்ளும் வசதியும் போய்விட்டது. அத்தனை வருடமும் அந்த மனை ஒரு ரூபாய் வாடகை தராது. சீமைக் கருவேலம்தான் தரும்.

நம் ஊர்க் கல்வெட்டைப் பற்றி எல்லோரும் பெருமை பேசுகிறோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டியது. குடவோலை என்றதும் தேர்தல், ஜனநாயகம் என்று மேடையில் முழங்குவார்கள். வாரியத்தில் உட்காரக் கேட்ட தகுதிகளை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். தன் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். 921இன் விதிப்படி வயது 35க்கு மேல் 70க்குள். நிலம் இல்லாதவனை ஒதுக்கிய அந்த விதியை இன்று நியாயப்படுத்த முடியாது. ஆனால் நிலம் என்பதை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பது அதில் தெரிகிறது. வரி கட்டுகிற நிலம், குடியிருக்கிற மனை. சென்னையில் உட்கார்ந்துகொண்டு, விலை ஏறட்டும் என்று பூட்டி வைக்கிற மனை அந்தக் கணக்கில் சேராது.

பேரனிடம் நான் வாங்காதே என்று சொல்லவில்லை. அந்த வயதில் அப்படிச் சொன்னால் மறுநாளே வாங்கிவிடுவார்கள். அம்மாவின் நகையைத் தொடாதே, தவணைக்கு வாங்காதே என்று இரண்டு நிபந்தனை போட்டேன். ஒரு வருடம் மாதா மாதம் அந்தத் தவணைத் தொகையை வங்கியில் தொடர் வைப்பாகக் கட்டிப் பார். கட்ட முடிகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும் என்றேன். அந்த ஒரு வருடத்தில் எனக்குத் தெரிந்த பத்திரங்களைக் காட்டிப் படிக்கச் சொல்லித் தருவதாகவும் ஏற்பாடு. முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டான். அ-பதிவேட்டில் "ஏரிப் புறம்போக்கு" என்று இருந்ததை அவனே கண்டுபிடித்தான்.

வாங்குவதென்றே முடிவானால், அம்மா பெயரில் வாங்கச் சொல்லியிருக்கிறேன். பத்து லட்சம் மதிப்புக்குள் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. இன்னொன்று, மனையைச் சித்திரை வெயிலில் போய்ப் பார்க்கக் கூடாது. அப்போது எல்லா இடமும் மேடாகத்தான் தெரியும். நம்முடையது ஏரிகள் நிறைந்த பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில், பேண்ட்டை மடித்துக்கொண்டு, விற்பனைக்காரரின் காரில் ஏறாமல் தன் வண்டியிலேயே போக வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பக்கத்து வயலில் இருப்பவரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.