கதைக்கரு நம் காலடியில்

சில ஆண்டுகளுக்கு முன்பு, தானா ராத்தாவில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஒரு குறும்படப் பட்டறை நடத்தினேன். ஆளுக்கொரு கதைக்கரு எழுதித் தரும்படி கேட்டேன். வந்த தாள்களில் பாதி பேய் பங்களாக் கதைகள். மீதியில் பெரும்பாலானவை சென்னையில் நடக்கும் பழிவாங்கும் கதைகள். எழுதியவர்களில் பலர் அன்று காலை தேயிலைச் சரிவுகளைக் கடந்துதான் பள்ளிக்கு வந்திருந்தார்கள். ஆனால், அந்தச் சரிவுகள் ஒன்றிரண்டு தாள்களில்தான் இடம்பெற்றிருந்தன.

கதைக்கரு என்பது கதைச் சுருக்கமன்று. ஒருவர் ஒன்றை அடைய விரும்புகிறார். ஏதோ ஒன்று அவரைத் தடுக்கிறது. தோற்றால் அவர் இழக்கப்போவது ஒன்று உண்டு. இம்மூன்றும் ஓரிரு வாக்கியங்களில் அடங்கினால், அதுவே திரைக்கதையின் கரு. அது பார்ப்பவரை ஈர்க்க வேண்டும். நம்பவும் வைக்க வேண்டும். நன்கு அறிந்த வாழ்க்கையிலிருந்து எழுதும்போதுதான் இவ்விரண்டும் எளிதில் கைகூடும் என்பது என் கருத்து.

“நம் ஊரிலேயே பரபரப்பான உண்மைக் கதை இருக்கிறதே, ஐயா?” என்று ஒரு மாணவர் கேட்டார். அவர் குறிப்பிட்டது ஜிம் தோம்சனை. தாய்லாந்துப் பட்டுத் தொழிலால் புகழ்பெற்ற அந்த அமெரிக்கர், 1967 மார்ச் 26ஆம் நாள் தானா ராத்தாவுக்கு அருகிலுள்ள ஒரு பங்களாவிலிருந்து வெளியே சென்றார், திரும்பவே இல்லை. காவல் துறையினரும் படைவீரர்களும் ஓராங் அஸ்லி மக்களும் காட்டில் தேடினார்கள். இன்றுவரை விடை கிடைக்கவில்லை.

இது வியப்பான நிகழ்ச்சிதான். ஆயினும், நடந்தது என்பதாலேயே ஒரு நிகழ்ச்சி கதைக்கருவாகிவிடாது. அவரைத் தேடியே ஆகவேண்டிய கட்டாயம் யாருக்கு? தேடாவிட்டால் அவர் இழப்பது என்ன? இவற்றுக்கு விடை சொல்லும் ஒரு மனிதரைப் படைத்த பிறகே அங்குக் கதை பிறக்கும். ‘இது உண்மையில் நடந்தது’ என்று திரையில் எழுதிக் காட்டினால் மட்டும் பார்ப்பவர் நம்பிவிட மாட்டார்.

நம் நாட்டுத் தமிழ்ப் படங்கள் இரண்டைப் பாருங்கள். தீபக் குமரன் மேனன் இயக்கிய ‘செம்மண் சாலை’ 2005இல் வெளிவந்தது. 1960களின் இரப்பர் தோட்டத்தில் வாழும் ஒரு பெண், பல்கலைக்கழகத்தில் படிக்க விரும்புகிறாள். சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015இல் திரையிடப்பட்டது. மகன் படித்து முன்னேற வேண்டும் என்று தந்தை கண்டிப்புக் காட்டுகிறார். சிறுவனையோ குண்டர் வாழ்க்கை ஈர்க்கிறது. மறு ஆண்டு, மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருதை ‘ஜகாட்’ வென்றது. இரண்டின் கருவும் ஒரு குடும்பத்துக்குள் அடங்கிவிடும். ஆனால், அந்தக் குடும்பங்கள் எங்கே, எப்படி வாழ்ந்தன என்பதை எடுத்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

பட்டறையின் இரண்டாம் நாள், ஒரு மாணவி புதிய தாள் ஒன்றைத் தந்தார். அதில் பாட்டி, தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். மூன்று மாதத்துக்குள் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதே மூன்று மாதத்தில் பேத்திக்கு எஸ்.பி.எம். தேர்வு. கரு நன்றாக இருந்தது. உடனே பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர், “உன் கதையில் அம்மாவும் தோட்டத்தில்தானே வேலை செய்கிறார்? வீட்டை அவர் பெயருக்கு மாற்றிவிடலாமே!” என்றார். அவரும் தோட்டத்துப் பிள்ளை. அதனால்தான் அந்த ஓட்டை அவர் கண்ணில் பட்டது.

மாணவி சற்று யோசித்துவிட்டுக் கருவை மாற்றினார். இப்போது அம்மாவுக்குத் தானா ராத்தாவில் ஒரு தங்கும் விடுதியில் வேலை. கொழுந்து பறிக்கும் வேலை வேண்டாம் என்று பாட்டியிடம் சண்டையிட்டு வெளியேறியவர் அவர். மீண்டும் தோட்டத்தில் சேர்ந்தால் வீடு நிலைக்கும். ஆனால், தான் வெறுத்த வேலைக்கே திரும்ப வேண்டும். ஓட்டையை அடைக்கப் போன இடத்தில் கதைக்கு உயிர் கிடைத்தது. நம்பகத்தன்மை கற்பனைக்குப் போடும் விலங்கு என்று சிலர் எண்ணுகிறார்கள். அன்று நான் கண்டது அதற்கு நேர்மாறானது.

பேய்க் கதை எழுதவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பேய்க்கும் ஒரு விதி வேண்டும். அது யாரை, ஏன் வாட்டுகிறது என்பது தெளிவாக வேண்டும். வெளியூர்க் கதையையும் எழுதலாம். அவ்வூரை அறிந்துகொண்டு எழுத வேண்டும். நம் வாழ்க்கையில் கதையே இல்லை என்று எண்ணி அவற்றைத் தேடிப் போவதைத்தான் தவறு என்கிறேன்.

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது 1929இல். அன்று கையால் கொழுந்து பறித்தார்கள். பின்னர் கத்தரியும் இயந்திரமும் வந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் நகரங்களுக்குச் சென்றுவிட, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்து சேர்ந்தார்கள். பழைய நாள்களை நினைவில் வைத்திருப்போர் இன்று பாட்டி, தாத்தா வயதில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்காமல் விட்ட கதையைப் பிறகு எந்த நூலகத்திலும் தேடிப் பெற முடியாது. எனவே, மாணவர்களே, அடுத்த கதைக்கருவை எழுதும் முன் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், “நீங்கள் மிகவும் விரும்பியும் கிடைக்காமற்போனது எது? அதைத் தடுத்தது எது?” என்று கேளுங்கள். பதிலைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள்.